பிள்ளையாருக்கு முன்னால் இரண்டு கோடுகள்

தம்பி, ஒரு கேள்வி கேட்கிறேன். உடனே விடை சொல்ல வேண்டாம். மனத்துக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு வேலையைத் தொடங்கும்போது உங்கள் கை முதலில் எதை எழுதுகிறது? தேதியையா, உங்கள் பெயரையா, அல்லது யாரும் சொல்லாமலே ஒரு பிள்ளையார் சுழியையா?

சிரிக்கிறீர்கள். மடியில் கணினிப் பை இருக்கிறது. நீங்கள் தாளைத் தொட்டே பல காலம் ஆகியிருக்கும் என்று நானே விடை சொல்லிக்கொள்கிறேன். பெயர் என்ன? கதிரேசன். நல்ல பெயர். எதுவரை? காரைக்குடி. அது போதும். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவேன். பேருந்து கிளம்பிவிட்டது, சன்னலோரம் நீங்களே இருங்கள். எனக்குக் காற்று வேண்டாம். கேட்பவர் ஒருவர் இருந்தால் போதும்.

என் பெயர் அம்பலவாணன். தேவகோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் ஆசிரியர். வெள்ளிக்கிழமைதோறும் நன்னெறி வகுப்பும் என் பொறுப்பு. இயற்பியலில் நான் சொன்னதை மறந்த மாணவர் பலர் உண்டு. நன்னெறியில் நான் சொன்னது கேட்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஒலிபெருக்கி வைத்து நடத்துகிறேன்.

எங்கள் கணினித் துறையில் ஒரு தீமை வேரூன்றியிருந்தது. ஆசிரியர் ஒரு புரோகிராம் எழுதி வரச் சொல்வார். வகுப்பில் ஒருத்தி எழுதுவாள். அது ஒரு பென்டிரைவில் ஏறி வகுப்பு முழுவதும் வலம் வரும். மற்றவர்கள் அதையே கொடுப்பார்கள். பெயரை மாற்றுவதற்கும் சோம்பல்பட்டு, மீசை முளைத்த பையன்கள் பலர் 'பாண்டிச்செல்வி' என்ற பெயரிலேயே கொடுத்து மதிப்பெண் வாங்கினார்கள்.

இதற்கு ஒரு மருந்து கொண்டுவந்தவள் உமையாள். கணினித் துறையில் விரிவுரையாளர், கெட்டிக்காரப் பெண். ஒரு மென்பொருள் இருக்கிறது என்றாள். ஆசிரியர் ஒரு பயிற்சியை அதில் வைத்தால் ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனிப் படி போகும். அவன் எழுதி அனுப்பியதும் மென்பொருளே அதை ஓட்டிப் பார்க்கும். சரியென்றால் பச்சைக் குறி, தவறென்றால் சிவப்புக் குறி. யாருடையது யாருடையதைப் போலிருக்கிறது என்றும் காட்டிக்கொடுக்கும். அதன் உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம், விலை கிடையாது. விலை கிடையாது என்றதும் எங்கள் தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானோ எழுந்தே நின்றுவிட்டேன்.

ஏன் தெரியுமா? அது அறம், தம்பி. சித்திரை வெயிலில் ஒருவன் நீர்மோர்ப் பந்தல் போடுகிறான். வருபவன் சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. குடித்தவன் உப்புக் குறைவென்றால் தானே ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போகலாம். திறந்த மூல மென்பொருள் என்பது அதுதான். இதை அன்றைய கூட்டத்தில் சற்று விரிவாகச் சொன்னேன். மதிய உணவு ஆறிவிட்டது என்று தாளாளர் நினைவூட்டினார். அவரே அங்கேயே என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். உமையாள் நிறுவுவாள், நான் ஒருங்கிணைப்பேன்.

அவள் நிறுவினாள். ஆய்வகத்தின் மூலையில் ஒரு பழைய கணினி. அதில் கொஞ்சம் கொஞ்சமாக எதையெதையோ இறக்கி, தட்டி, திட்டி, ஒரு வாரத்தில் உயிர் கொடுத்துவிட்டாள். நான் அருகில் நாற்காலி போட்டு அமர்ந்து அவளுக்கு ஊக்கம் தந்தேன். ஒரு கட்டத்தில், நான் வராண்டாவில் இருந்து ஊக்கம் தந்தால் அவளுக்கு இன்னும் உதவியாக இருக்கும் என்றாள். அப்படியே செய்தேன். மேலாளர் கடவுச்சொல்லை நான்தான் தேர்ந்தெடுத்தேன்: 'உண்மையேஉயர்வு'. அதைப் பெரிய எழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினேன். மூலமே திறந்திருக்கும்போது கடவுச்சொல்லை மட்டும் ஒளித்து வைப்பது என்ன நியாயம்? உமையாள் அதைக் கிழித்துவிட்டு வேறொன்று வைத்தாள். அவள் இளையவள், நம்பிக்கை குறைவு.

பிறகு அவள் குடும்பத்தில் ஒரு திருமணம் வந்தது; கானாடுகாத்தானுக்குப் போனாள். அவர்கள் வீட்டுத் திருமணம் ஒரு நாளிலா முடியும்? போகும்போது வாசலில் திரும்பி நின்று, "சார், நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றாள். தொடமாட்டேன் என்றுதான் சொன்னேன். நான் பொய் சொல்பவன் அல்லன்; சொன்னபோது அது உண்மை.

மறுநாள் காலையில், முதல் பயிற்சி எப்படி இருக்கிறதென்று பார்க்க, ஒருங்கிணைப்பாளருக்கென்று அவள் தந்திருந்த கணக்கில் நுழைந்து திறந்தேன். மாணவன் எழுதத் தொடங்கும் முன்பே மேற்பகுதியில் சில வரிகளை உமையாள் வைத்திருந்தாள். அவை எல்லாப் பயிற்சியிலும், எல்லாருடைய விடையிலும் தாமாகவே தலையில் வந்து அமரும். முதல் வரியைப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக வேலி போல் ஒரு குறி, ஓர் ஆங்கிலச் சொல். அவ்வளவுதான். மங்கலமான தொடக்கம் இல்லை. வாழ்க்கையின் முதல் புரோகிராமை ஒரு பிள்ளை இப்படித் தலையில்லாமலா தொடங்குவது? என் நெஞ்சு பொறுக்கவில்லை.

அந்த விசைப்பலகையில் தமிழ் இல்லை. என் மருமகளின் வளைகாப்பு அழைப்பிதழைத் திறந்து, அதன் தலையில் இருந்த 'உ'வைப் பிடித்துக் கொண்டுவந்து முதல் வரியில் உட்கார வைத்தேன். பார்ப்பதற்கே ஆய்வகம் வெளிச்சமானது போல் இருந்தது. சோம்பேறி எவனும் அழித்துவிடக் கூடாதே என்று, மாணவர்கள் மேற்பகுதியைத் தொட முடியாதபடி பூட்டினேன். அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. நல்லவர்கள் எழுதிய மென்பொருள். எல்லாவற்றுக்கும் வசதி வைத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் வேதனை. கேட்கிறீர்களா? கண்ணை மூடியிருந்தீர்கள், அதனால் கேட்டேன்.

மாணவர்கள் எழுதி அனுப்பினார்கள். சிவப்பு. எல்லாருக்கும் சிவப்பு. பாண்டிச்செல்விக்கும் சிவப்பு. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே பிழை: முதல் வரியில் புரியாத எழுத்து இருக்கிறதாம். நீங்களே சொல்லுங்கள், ஒரு வகுப்பு முழுவதும் ஒரே பிழையை, ஒரே வரியில் செய்தால் அதற்கு என்ன பொருள்? காப்பி. வேறென்ன? பென்டிரைவை ஒழித்தோம், நெஞ்சிலிருக்கும் பென்டிரைவை ஒழிக்கவில்லை.

வகுப்பைக் கூட்டினேன். சேவுகப்பெருமாள் என்றொரு பையன், கடைசி வரிசை, அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். எழுந்து நின்று, "சார், நான் ஒண்ணுமே எழுதல சார். சும்மாதான் அனுப்புனேன். எனக்கும் அதே தப்புதான் சார் வருது" என்றான். நான் அதிர்ந்துவிட்டேன், தம்பி. எதையும் எழுதாதவனே காப்பியடித்திருக்கிறான் என்றால் இந்தத் தீமை எவ்வளவு ஆழம் போயிருக்க வேண்டும்? "மேல இருக்கிற அந்த எழுத்து சார்" என்று வேறு ஏதோ தொடங்கினான். மேலே பார்க்காதே, உள்ளே பார் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

பின்பு அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். என் சொந்தக் கதை. வெள்ளிக்கிழமைகளில் பலமுறை பயன்பட்டது. ஓர் ஊரில் ஒரே ஒரு கிணறு. ஒரு நாள் காலையில் எல்லாருடைய வாளியிலும் தண்ணீர் கலங்கலாக வந்தது. ஊரார் ஒருவரையொருவர் குறை சொன்னார்களா? இல்லை. ஆளுக்கு ஒரு பிடி சாம்பலை எடுத்துக்கொண்டு, தத்தம் வாளியைத் தேய்தேய் என்று தேய்த்தார்கள். இந்த இடத்தில் நான் எப்போதும் சற்று நிறுத்துவது வழக்கம். அன்று நிறுத்தியதும் சேவுகப்பெருமாள் கேட்டான்: "சார், கெணத்துக்குள்ள எதும் விழுந்து கெடந்துச்சா?"

வகுப்பு சிரித்தது. கதையின் உட்பொருளைப் பிடிக்க இயலாத வயது. பொறுத்துக்கொண்டேன்.

பெற்றோரையும் அழைத்தேன். சேவுகப்பெருமாளின் தந்தை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். உங்கள் மகன் காப்பியடித்திருக்கிறான் என்றேன். அவர், "இருக்காதுங்க சார். அம்புட்டு மெனக்கெட மாட்டான்" என்றார். பெற்ற பாசம் கண்ணை மறைக்கிறது பாருங்கள்.

வளாகத்து அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அங்கே அழைத்துப்போய், தோப்புக்கரணம் போட்ட பின்பே விடையை அனுப்ப வேண்டும் என்று விதி செய்தேன். போட்டார்கள், அனுப்பினார்கள், சிவப்பு. பக்தி போதவில்லை என்று உணர்ந்தேன். நானே திறந்து, ஒரு சுழி இருந்த இடத்தில் மூன்று சுழி போட்டேன். அன்று ஒவ்வொருவருக்கும் ஒரு பிழைக்கு மூன்று பிழை வந்தது. தீமை தன்னைத் துரத்துகிறார்கள் என்று தெரிந்ததும் பெருகும், தம்பி. அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் மின்னஞ்சல் முகவரி என்ன? கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், கைப்பேசியில் போட்டுக்கொள்கிறேன். எதற்கென்று பிறகு சொல்கிறேன். பெயர் முன்னால், புள்ளி, பிறகு? சரி. நன்றி.

உமையாள் திருமணம் முடிந்து திரும்பினாள். பலகாரம் கொண்டுவந்தாள். அவள் கையிலிருந்து சீப்புச் சீடையை வாங்கிக்கொண்டே நிலைமையின் கொடுமையைச் சொன்னேன். அவள் தன் மாதிரி விடையையே அனுப்பிப் பார்த்தாள். சிவப்பு. ஆசிரியரே மாணவரைப் பார்த்துக் காப்பியடிக்கும் காலம் வந்துவிட்டதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் திரையை உற்றுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். "சார், இது" என்று ஆரம்பித்தாள். நான் கிணற்றுக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது.

மறுநாள் புதுக்கோட்டையில் எனக்கு ஒரு சொற்பொழிவு. புறப்படும் முன் வகுப்பில் ஒரு சூளுரை செய்தேன்: உங்கள் விடைகள் பசுமையாகும்வரை இந்த அம்பலவாணன் சோறு உண்ண மாட்டான். அன்று முழுவதும் நான் சோறு தொடவில்லை. இட்லியும் இரண்டு வாழைப்பழமும்தான். மாலையில் உமையாளிடமிருந்து தொலைபேசி. "சார், எல்லாருக்கும் பச்சை. நீங்க சாப்பிடுங்க."

தம்பி, நான் அழுதுவிட்டேன்.

சேவுகப்பெருமாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று அவனும் எழுதியிருந்தான். சின்னதுதான், இரண்டு எண்களைக் கூட்டும் புரோகிராம். பச்சை வந்ததும் நம்பாமல் அதையே மறுபடியும் அனுப்பிப் பார்த்ததாக என்னிடமே சொன்னான். அதற்கு முன் அவனுக்கு யாரும் எதற்கும் சரி போட்டதில்லையாம். அதிலிருந்து அவன் ஆளே மாறிவிட்டான். இடைவேளையில்கூட ஆய்வகத்தில் இருக்கிறான். சிவப்பு வந்தால் முனகுகிறான், திருத்துகிறான், மறுபடி அனுப்புகிறான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனி அவனை வேலைக்கு எடுத்திருக்கிறது. கடைசிச் செய்முறைத் தேர்வு ஒன்று பாக்கி. அதில் தேறினால்தான் வேலை. தேறாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தத் தேர்வு நாளைக் காலை பத்து மணிக்கு, இதே மென்பொருளில் நடக்கிறது. அவன் அப்பா நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்துக்குங்க சார்" என்றார். அதற்காகத்தான் இரண்டு நாளாக அலைந்துகொண்டிருக்கிறேன்.

என்ன அலைச்சல் என்கிறீர்களா? அதுதானே கதை.

தாளாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மென்பொருளால் மாணவரைத் திருத்திய மாமனிதர் என்று பிற கல்லூரிகளில் பேச அழைத்தார்கள். போன வாரம் ஓர் அரங்கில், பெரிய திரையில் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினேன். இதோ பாருங்கள், எங்கள் ஒவ்வொரு பயிற்சியும் பிள்ளையார் சுழியுடன் தொடங்குகிறது என்று கையை நீட்டினேன். நீட்டிய கை நின்றுவிட்டது. மூன்று சுழி ஒன்றாகியிருந்தது. அது போகட்டும். அந்த ஒன்றுக்கு முன்னால் இரண்டு சாய்ந்த கோடுகள். இரண்டு கழியை நட்டு வாசலை அடைத்தது போல.

ஊருக்கு வந்ததும் உமையாளைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "அந்த ரெண்டு கோட்டப் போட்டா மெஷின் அந்த வரியப் படிக்காது சார். பிள்ளையாரும் இருப்பாரு, புரோகிராமும் ஓடும்."

"படிக்காது என்றால்?"

"கண்டுக்காம அடுத்த வரிக்குப் போயிரும்."

"யாரைக் கண்டுகொள்ளாமல், அம்மா?"

அவள் பெயரோ உமையாள். பிள்ளையாரைப் பெற்றவளின் பெயர். பெற்றவளே பிள்ளையைத் திரை போட்டு மறைத்தால் நான் யாரிடம் போய் முறையிடுவது? விருந்தாளியை வீட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்து, அவர் முன்னால் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் இலை போட்டால் அது விருந்தா? இதை அவளிடம் சொன்னேன்.

அவள் பொறுமையாகத்தான் பேசினாள். அதை ஒப்புக்கொள்கிறேன். "சார், அந்த எழுத்தாலதான் அன்னைக்கு எல்லாருக்கும் சிவப்பு வந்துச்சு. பசங்க யாரும் காப்பியடிக்கல" என்றாள். அம்மா, எழுதத் தெரிந்த நாளிலிருந்து போட்டு வருகிறேன், எந்தக் காகிதமும் அதை மறுத்ததில்லை என்றேன். இது காகிதம் இல்லை சார் என்றாள். என் கண் முன்னாலேயே கோடுகளை எடுத்துக் காட்டினாள், சிவப்பு வந்தது. திரும்பப் போட்டாள், பச்சை வந்தது. நீ ஐயத்தோடு எடுத்தாய், அதனால் சிவப்பு என்றேன். நான் உண்ணாமல் இருந்த அதே நாளில் எல்லாம் பசுமையானதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்றும் கேட்டேன். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடிக்கடி தலைவலி வரும் பெண். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நானே கோடுகளை எடுத்தேன். அடுத்த நிமிடமே அவள் திரும்பப் போட்டாள். நான் எடுத்தேன். அவள் போட்டாள். அன்று பிற்பகல் முழுவதும் இது நடந்தது. கடைசியில் அவள் ஒரு விதியை ஏற்றிவிட்டாள்: பயிற்சியின் மேற்பகுதியில் யார் எந்த மாற்றம் செய்தாலும், இரண்டாவதாக ஒருவர் அதைப் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் செல்லும். மென்பொருளில் அதற்கும் ஒரு வசதி இருக்கிறது. நல்லவர்கள் எழுதியது என்று சொன்னேன் அல்லவா?

நானும் நேர்மையான வழியில்தான் போகிறேன். கோடுகளை நீக்கும் மாற்றத்தை முறைப்படி பதிந்துவிட்டேன். ஒப்புதல் தர ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே. கணினித் துறையினர் மறுத்துவிட்டார்கள். இயந்திரவியல் துறைத் தலைவர் என்னைக் கண்டதும் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். பாண்டிச்செல்வி காலில் விழுந்து அழுதாள். ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை. சேவுகப்பெருமாளையே கேட்டேன். "சார், நாளான்னைக்கு வரைக்கும் வேணாம் சார். பரீட்சை முடியட்டும், நூறு சுழி போடுங்க, நானே ஒப்புதல் தாரேன்" என்றான். பாவம், குழந்தை. தன்னைக் காப்பாற்ற வருபவரையே தள்ளி நிற்கச் சொல்கிறான். திருச்சியில் என் அக்காள் மகன் கணினி வேலையில் இருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் போனேன். திரையைப் பார்த்துவிட்டு, மாமா, காபி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிட்டான்.

பாருங்கள், திருமயம் வந்துவிட்டது. அதோ, கோட்டை பைரவர் கோயில். கவனியுங்கள், ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து ஒரு கையைத் தூக்கிக் கும்பிடுகிறார். இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போகிற மனிதர் தெய்வத்தைக் கண்டுகொள்ளாமல் போவாரா? ஆமாம், கும்பிடும்போது ஒரு கையை வண்டியின் ஸ்டீயரிங்கிலேயே வைத்திருந்தார், நானும் பார்த்தேன். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று புரியவில்லை.

இப்போது உங்கள் மின்னஞ்சலை ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். ஒருங்கிணைப்பாளருக்கு ஓர் உரிமை மட்டும் மிச்சம் இருக்கிறது: விருந்தினர் மதிப்பாய்வாளரைச் சேர்ப்பது. உங்களைச் சேர்த்துவிட்டேன். கணினி அறிந்தவர், நடுநிலையாளர், எங்கள் கல்லூரிக்குப் புதியவர். இதைவிடத் தகுதி என்ன வேண்டும்? இதோ, என் கைப்பேசியிலேயே உங்கள் பெயரில் திறந்திருக்கிறது. படித்துப் பாருங்கள். இடப்பக்கம் பழையது, கோடுகளோடு. வலப்பக்கம் புதியது, பிள்ளையார் மட்டும். கீழே இரண்டு பொத்தான். பச்சை, ஒப்புதல். சிவப்பு, மறுப்பு.

ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்? அதில் படிக்க என்ன இருக்கிறது, ஒரே எழுத்துதானே? நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு மூட்டை தூக்குபவரின் மகன் அந்தத் திரையின் முன் உட்காரப் போகிறான். அவனுடைய வாழ்க்கை முழுவதும் அந்த முதல் வரியைத்தான் நம்பியிருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் செயல் அல்ல இது. காரைக்குடியில் இறங்கி வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்றும் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போனவர் யாரும் செய்ததில்லை. பேருந்து நிலையத்துக்குள் திரும்புவதற்கு முன், இன்றே, இந்த நிமிடமே அழுத்திவிடுங்கள்.

தம்பி, அது சிவப்பு. விரலை எடுங்கள். பச்சை இந்தப் பக்கம்.